போர்க்காலத்தில் ராணுவம் பயணிகள் விமானங்களை ஏன் அழைக்கிறது?

அமெரிக்காவில் இதற்கெனவே 'சிவில் ரிசர்வ் ஏர் ஃப்ளீட்' என்ற ஏற்பாடு 1950-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அமைதிக்காலத்தில் அரசின் போக்குவரத்து ஒப்பந்தங்களைப் பெறும் விமான நிறுவனங்கள், அதற்கு ஈடாக, நெருக்கடி வந்தால் தங்கள் விமானங்களையும் விமானிகளையும் தருவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றன.

காரணம் பெரும்பாலும் பணம்தான். எப்போதோ ஒருமுறை வரும் பெரும்போருக்காக நூற்றுக்கணக்கான விமானங்களை வாங்கி நிறுத்திவைப்பது கட்டுப்படியாகாது. கல்யாணத்துக்கு வேண்டிய அண்டா குண்டாக்களை யாரும் விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுப்பதைப் போன்றதே இதுவும். 1990-91 வளைகுடாப் போரின்போது அப்பகுதிக்கு விமானத்தில் சென்ற அமெரிக்க வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இத்தகைய விமானங்களிலேயே சென்றனர்.

ஆனால் பீரங்கி வண்டியை இதில் ஏற்ற முடியாது. சி-17 போன்ற ராணுவ விமானத்தின் பின்புறம் சாய்தளமாகத் திறப்பதால் வண்டியை நேரே உள்ளே ஓட்டிச் செல்லலாம். பயணிகள் விமானத்திலோ கதவு பக்கவாட்டில், தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கிறது. கரடுமுரடான ஓடுதளமும் அதற்கு ஒத்துவராது.

இவ்வாறு அழைக்கப்பட்ட விமானங்கள் போர்முனைக்கே பறப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். 2021 ஆப்கானிஸ்தான் வெளியேற்றத்தின்போது அவை காபூலில் இறங்கவில்லை, ராணுவ விமானங்கள் அங்கிருந்து மீட்டு வந்தவர்களை இடைத்தங்கல் நாடுகளிலிருந்தே ஏற்றிச் சென்றன.