ஸ்கூல்ல பேரண்டிங் குரூப்புக்குக் கூப்பிட்டா, நாம தப்பா வளத்துட்டோம்னு அர்த்தமா?

5 வயசுப் பையன், ஒரு நிமிஷம் உக்கார மாட்டேங்கிறான், ஏடிஹெச்டியா (கவனம் நிக்காம, அளவுக்கு மீறி துறுதுறுன்னு இருக்கிற பிரச்சினை) இருக்கலாம்னு ஸ்கூல்ல சொல்லி எங்களை பேரண்டிங் குரூப்புக்கு, அதாவது பெத்தவங்களுக்கான பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்றாங்க, அப்போ நாங்க வளத்த விதம்தான் தப்பான்னு கேட்டிருக்கீங்க. இல்லவே இல்லைங்க. கண்டிப்பா போங்க.

என்னைக் கூப்பிட்ட அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. பிரச்சினை என் பையனுக்கு, கிளாஸ் மட்டும் எனக்கான்னு அவ்ளோ கோவம். ஆனா ஏடிஹெச்டி வளர்ப்புக் கோளாறால வர்றதில்ல, இரட்டைக் குழந்தைகளை வச்சுப் பண்ண ஆய்வுகள்ல மரபணுவோட பங்கு 70-80 சதவீதம்னு வருது. எங்க குரூப்ல ஒரு அப்பா வாரக்கணக்கா வாயே திறக்காம உக்காந்திருந்தாரு, ஒருநாள் திடீர்னு நானும் சின்ன வயசுல இப்படித்தாங்க, அடிச்சே வளத்தாங்கன்னாரு, கொஞ்ச நேரம் யாருமே பேசல.

இந்த வயசுல முதல் சிகிச்சையே பெத்தவங்களுக்கான பயிற்சிதான். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமியோட 2019 வழிகாட்டி 4, 5 வயசுப் பிள்ளைங்களுக்கு இதைத்தான் முதல்ல சொல்லுது, மாத்திரை எல்லாம் இது பத்தலைன்னா அப்புறம்.

அங்க என்னதான் சொல்லித் தருவாங்கன்னா, எங்க வீட்டுக் காலையவே சொல்றேன். நான் உள் ரூம்ல இருந்து பேக் எடு, ஷூ போடு, பாட்டில் எங்க, டைம் ஆச்சுன்னு ஒரே மூச்சுல கத்துவேன், அவன் ஒரு ஷூவை மடியில வச்சுக்கிட்டு வெல்க்ரோவைப் பிரிக்கிறது ஒட்டுறதுன்னு அந்தச் சத்தத்தையே கேட்டுட்டு உக்காந்திருப்பான். நான் இன்னும் கத்துவேன், அவன் அழுவான், கடைசில நானே மாட்டி விடுவேன். அழுதா வேலை முடிஞ்சுரும்னு அவன் கத்துக்கிட்டான். கத்துனாதான் கேப்பான்னு நான் கத்துக்கிட்டேன். குரூப்ல சொன்னபடி கிட்ட போயி, குனிஞ்சு, அவன் முகத்தைப் பாத்து "ஷூ போடு", அவ்ளோதான், அதுக்கு மேல பேசாம மனசுக்குள்ள அஞ்சு எண்ணினேன். மூணுலயே போட்டுட்டான். கால் மாத்திப் போட்டிருந்தான், நான் அதைச் சொல்லவே இல்ல, சொன்ன உடனே போட்டுட்டியேன்னு மட்டும் சொன்னேன். இந்தப் பிள்ளைங்களுக்குப் பாராட்டு அந்த நிமிஷமே கிடைக்கணும், ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்ங்கிறதெல்லாம் அவங்க மனசுல நிக்காது.

இது ஸ்கூல்லயே நடக்கிறதுல பெரிய லாபம் டீச்சரும் அதே மொழி பேசுவாங்க. தினம் ஒரு சின்ன கார்டு, அதுல ரெண்டு மூணு விஷயம்தான். "ஒழுங்கா இருக்கணும்"னு எழுதினா பிரயோஜனமே இல்ல, "கதை நேரத்துல பாயில உக்காரணும்" மாதிரி கண்ணால பாத்து டிக் போடுற மாதிரி இருக்கணும், முதல் வாரம் ஈஸியா ஜெயிக்கிற மாதிரியும் இருக்கணும். டிக் வந்தா அன்னைக்கு சாயங்காலமே வீட்டுல ஏதாவது சின்னதா, எங்க வீட்டுல கூடுதலா ஒரு கதை. டிக் வராத அன்னைக்குத் திட்டாதீங்க, அப்புறம் கார்டைக் கண்டாலே ஒளிச்சு வச்சுருவான்.

ரெண்டாவது மூணாவது வாரம் இன்னும் மோசமாகலாம், முன்னாடி அழுதா கிடைச்சது இப்போ கிடைக்கலைன்னதும் சத்தத்தை ஏத்திப் பாப்பான், அப்போ விட்டுக் குடுத்துராதீங்க.

இதால துறுதுறுப்பு அப்படியே போயிடும்னு மட்டும் நினைக்காதீங்க, என் பையன் இன்னைக்கும் சுத்திட்டுதான் இருக்கான், குறைஞ்சது சண்டையும் அடம்பிடிக்கிறதும்தான், எனக்கு அதுவே பெரிய விஷயம். ஏடிஹெச்டியான்னு டாக்டர்தான் சொல்லணும், குரூப்புல முடிவு பண்ற விஷயம் இல்ல. வீடு ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயும் இப்படி இருக்கானான்னு கேப்பாங்க, காது கேக்குறதையும் தூக்கத்தையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க.

அப்புறம், தனியா போகாதீங்க. முதல் நாலு வாரம் நான் மட்டும்தான் போனேன், நான் ஒன்னு சொல்ல அவங்கப்பா ஒன்னு சொல்ல, நடுவுல பையன் ரெண்டு பேர் முகத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு நின்னான். அஞ்சாவது வாரத்துல இருந்து அவரும் லீவ் போட்டுட்டு வந்தாரு.