கைபேசி வீட்டில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊரில் கைபேசி இல்லாத வீடே இல்லை. ஆனாலும் இணையத்தில் விண்ணப்பம் போடவும் பணம் அனுப்பவும் இளவட்டங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இதற்கு வயது காரணமா, படிப்பா, வருமானமா?
– வாசகி, கொட்டாம்பட்டி

பதில்: மூன்றும் காரணம்தான். அவற்றோடு பாலினத்தையும், ஒருவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கான சான்று உங்கள் மேலூர் வட்டாரத்திலேயே உண்டு. சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் 2001 முதல் அங்குள்ள கிராமங்களில் கட்டண இணைய மையங்களை அமைத்தன. அவற்றைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வு, ஊராரில் சிறு பகுதியினரே அங்கு வந்தார்கள் என்றும், அவர்களும் பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், மாணவர்கள், ஓரளவு வசதியும் சமூக முன்னேற்றமும் பெற்ற குடும்பத்தினர் என்றும் கண்டது. ஆனால் பின்தங்கிய சமூகத்தினரின் குடியிருப்புக்கு அருகில் மையம் அமைந்து, அவர்களுக்குள்ளேயே ஒருவர் முன்னின்று அழைத்து வந்த இடங்களில் அம்மக்களும் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். படிப்பறிவில்லாததால் வரவில்லை என்று நாம் எளிதில் சொல்லிவிடும் பலருக்கு உண்மையில் வழிதான் இல்லாதிருந்தது.

இன்று மையத்தின் இடத்தில் கைபேசி வந்துவிட்டது. 2016க்குப் பிறகு டேட்டா விலையும் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியக் கிராமப்புற ஆண்களில் 48.7 சதவீதத்தினர் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியிருக்க, பெண்களில் அது 24.6 சதவீதமே. நகர்ப்புறப் பெண்களில் 51.8 சதவீதம். தாம் பயன்படுத்தத் தமக்கென ஒரு கைபேசி வைத்திருந்த பெண்களே நாட்டில் 54 சதவீதம்தான். வீட்டுக்கு ஒரு கைபேசி என்று எண்ணும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இ-சேவை மையத்தில் சிறிது நேரம் நின்றால் இது புரியும். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய் சான்றிதழுக்காக வந்து நிற்பார். ஆதாரில் பதிந்திருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் எண் என்பதால் ஓடிபி அவருக்குப் போகும். மகன் ஷிப்டில் இருப்பதால் எடுக்க மாட்டார். அன்றைய கூலியும் போய், அவர் வெறுங்கையோடு திரும்புவார். ஓடிபி பெறப் பொத்தான் கைபேசியே போதும். ஆகவே உங்கள் தெருப் பெண்களின் ஆதாரில் யாருடைய எண் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். வேறொருவருடையதாக இருந்தால், ஆதார் மையத்துக்கு அவர்களை அழைத்துச் சென்று அவரவர் எண்ணையே பதிவு செய்ய உதவுங்கள்.