மதினியின் மயஸ்தீனியா – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் மதினிக்கு 31 வயது. பீடி சுற்றுகிறார்கள். சாயங்காலமானால் இமை தொங்கும், விரல் ஓயும். ரத்தசோகை, மனக்கவலை என்று சொல்லி இரண்டு வருடம் சத்து ஊசிதான் போட்டார்கள். பிறகே மயஸ்தீனியா கிராவிஸ் என்கிற தசை ஓயும் நோய் என்று தெரிந்தது. எங்கள் தெருப் பெரியவருக்கும், 66 வயது, இதே நோய். மூன்றே மாதத்தில் கண்டுபிடித்து, இப்போது டீக்கடைக்கு நடந்து வருகிறார். மதினி பீடி சுற்றுகிற நேரம் பார்த்து மாத்திரை போட்டும் தேறவில்லை. இந்நோய் பெண்களைத்தான் அதிகம் படுத்துமா?

முக்கூடல் வாசகர்

அன்புள்ள தம்பி,

நோய் ஒன்றுதான். தசையை அசைக்க நரம்பு அனுப்பும் அசிடைல்கோலின் என்கிற வேதிப்பொருளைத் தசை வாங்குகிற இடத்தை, அதாவது ஏற்பியை, உடம்பில் ஊறும் எதிர்ப்பொருளே அடைத்துவிடுகிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் 40 வயதுக்குள் வரும், ஆண்களுக்கு 50 தாண்டி. பெரியவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். அந்த வயதில் இந்நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றும், மூச்சுத்தசை ஓய்ந்தால் மீள்வதும் கடினம்.

ஆனால் நோயைக் கண்டுபிடிக்கப் பெண்களுக்குத்தான் தாமதமாகிறது, அன்றாட வாழ்க்கை அதிகம் கெடுவதும் அவர்களுக்கே என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இளம்பெண் ஓய்ச்சலாக இருக்கிறது என்றால் யார் காதில் ஏறுகிறது? போதாததற்கு ஓ.பி. காலையில். தூங்கி எழுந்த இமை அப்போது நன்றாகவே திறந்திருக்கும்.

நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டி, தசையின் வீச்சு குறைகிறதா என்று பார்ப்பது இந்நோய்க்கான பரிசோதனைகளில் ஒன்று. இலையைச் சுருட்டி, நூல் கட்டி, தலையை நகத்தால் மடக்கி அடைக்கிற வேலையில், மதினியின் தட்டிலேயே அது தினமும் நடந்திருக்கிறது. காலையில் சுற்றியது இறுக்கமாகவும் சாயங்காலம் சுற்றியது தளர்வாகவும் இருந்திருக்குமே, கடைக்காரர் கழித்துப் போட்டிருப்பாரே!

இந்நோய்க்குத் தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை வேலை செய்வது மூன்று நான்கு மணி நேரம். அதைப் பீடிக்குச் செலவழித்துவிட்டால், சோற்றை மென்று விழுங்க என்ன மிஞ்சும்? சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் மற்றவர்கள் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளட்டும், அண்ணன் உட்பட.

மாதவிலக்கின்போதும் பிரசவத்துக்குப் பிறகும் நோய் கூடலாம். பிரசவ வலிப்புக்குப் போடும் மெக்னீசியம் ஊசி இவர்களுக்கு ஆபத்து. சில ஆன்டிபயாடிக்குகளும் அப்படியே. எந்த டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியை எடுத்தால், அசிடைல்கோலின் ஏற்பிக்கான எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு நோய் தணிகிறது, ஸ்டீராய்டும் குறைகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. மதினி வயதுக்காரர்களுக்குப் பரிசீலிக்கிற சிகிச்சைதான். நெஞ்சு ஸ்கேனும் அந்த எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனையும் எடுத்தாயிற்றா? எழுதுங்கள்.