பீரோவில் பூட்டிய அட்டைகள்

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளின் பையில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே உடலுறுப்புகளின் படம் போட்டுத் தமிழில் பெயர் எழுதிய அட்டைகள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி வகுப்பு எடுக்கிறார்களாம். ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புகிறவர்களுக்காக ஜூன் மாதம் நடக்கும் வானவில் பேரணியில் இவள் பதாகையோடு நிற்கும் படத்தை நாத்தனார் வீட்டில் பார்த்துவிட்டு, இவளும் 'அப்படி'த்தானா என்கிறார்கள். டாக்டரிடம் காட்டிச் சரிசெய்யலாம் என்கிறார் என் கணவர். பெட்டியை பீரோவில் பூட்டிவிட்டேன். சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, கொடு என்று அழுகிறாள். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: டாக்டர் பேச்சை இன்றே நிறுத்துங்கள், சகோதரி. உங்கள் மகள் யாரை விரும்புகிறாள் என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. யாரை விரும்பினாலும் அது நோயல்ல. அதை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை விதித்தது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்தது. சரிசெய்து தருகிறேன் என்று ஒரு டாக்டர் முன்வந்தால், சரிபார்க்க வேண்டியது அவரைத்தான்.

அந்த வழக்கு உங்கள் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பெண்களின் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். நீதிபதிக்கே பாடம் தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் நாத்தனார் வீட்டாருக்கு மட்டும் ஒரு படத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டதாக்கும்!

'அப்படி' என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு சொல் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அது உங்கள் குற்றமல்ல. தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்களையும் திருநர்களையும் மரியாதையாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களின் பட்டியல் அரசிதழில் வந்ததே 2022-இல்தான், அதே வழக்கின் தொடர்ச்சியாக. நான் படித்த பள்ளியில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் டீச்சர், 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். வீட்டில் யார் வாயைத் திறந்தார்கள்? இன்றைக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை, தன்னை ஒருவன் எங்கே தொட்டான் என்று சொல்ல வேண்டுமானால் அந்த இடத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா? 'அங்கே' என்றால் எங்கே? உங்கள் பீரோவில் இருப்பது அந்தப் பெயர்கள்தான்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. இப்படி வகுப்பு எடுத்தால், என்றாவது ஒரு பிள்ளை அவளிடம் வந்து, 'அக்கா, எனக்கு இப்படி நடந்தது' என்று சொல்லும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைத்தால் அதற்கும் தண்டனை உண்டு. இது அவளுக்குத் தெரியுமா? குழந்தைகள் உதவி எண் 1098 கையில் இருக்கிறதா? தலைமையாசிரியர் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறாரா? வகுப்பில் ஆசிரியர் ஒருவர் உடன் இருக்கிறாரா? இதையெல்லாம் கேளுங்கள். தாய் கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

பேரணியைப் பற்றி நீங்களாகத் துருவ வேண்டாம். தோழிக்காக நின்றிருக்கலாம், தனக்காகவும் நின்றிருக்கலாம். சொல்லத் தோன்றும் நாளில் அவளே சொல்லட்டும். அன்று அவள் அப்பாவின் குரல் உயராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. நாத்தனார் மறுபடி கேட்டால், 'பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள்' என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

சனிக்கிழமைக்கு முன் பீரோவைத் திறந்து பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன், அந்த அட்டைகளை அவளையே உங்களுக்கு ஒருமுறை படித்துக்காட்டச் சொல்லுங்கள்.