வாசகர் கேள்விகள்: 15 புத்தகத்தை 11 எபிசோடில் முடித்தால்

போன இதழில் ‘தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட்’ என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) தொடரின் முதல் சீசனைப் பாராட்டி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டாம் சீசனைப் பற்றித்தான், அதுவும் கோபமாக. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: அநாதை இல்லம் என்று நம்பி சந்தோஷமாக வளரும் பிள்ளைகள், அது உண்மையில் அரக்கர்களுக்கு இரையாக மனிதக் குழந்தைகளை வளர்க்கும் பண்ணை என்று கண்டுபிடித்துத் தப்பிக்கும் கதை. கீழே சில முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறேன். இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கல்லூரி மாணவர், பெரம்பூர்: சார், முதல் சீசனை ஒரே ராத்திரியில் முடித்தேன். இரண்டாவதை அஞ்சாவது எபிசோடோடு நிறுத்திவிட்டேன், மனசு ஒட்டவே இல்லை. என்னதான் ஆச்சு இந்தத் தொடருக்கு?

அவசரம் தம்பி, வேறொன்றும் இல்லை. கணக்கைப் பாருங்கள். காயு ஷிராய் எழுதி, போசுகா தெமிசு வரைந்த மூல மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் 2016 ஆகஸ்டில் தொடங்கி 2020 ஜூனில் முடிந்தது. மொத்தம் 181 அத்தியாயம், 20 புத்தகம். 2019 ஜனவரியில் வந்த முதல் சீசன் அதில் முதல் 37 அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 12 எபிசோடில் நிதானமாகச் சொன்னது. மிச்சம் இருந்தது 144 அத்தியாயம், கிட்டத்தட்ட 15 புத்தகம். 2021 ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஓடிய இரண்டாம் சீசனுக்குக் கிடைத்ததோ 11 எபிசோடு. எபிசோடுக்கு மூன்று அத்தியாயம் என்று நடந்துகொண்டிருந்த கதை, எபிசோடுக்குப் பதிமூன்று என்று ஓட வேண்டிய நிலை.

ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை, பாதியைத் தூக்கியே எறிந்துவிட்டார்கள். பிள்ளைகள் காட்டைத் தாண்டி ஒரு பதுங்கு அறைக்கு வந்து சேர்கிறார்கள் இல்லையா, மாங்காவில் அங்கே யூகோ என்று ஒரு ஆள் இருப்பார். இவர்களைப் போலவே வேறொரு பண்ணையிலிருந்து தப்பி வந்தவர், கூட வந்த நண்பர்களைப் பறிகொடுத்துவிட்டுப் பல வருஷமாகத் தனியாகக் கிடந்து பாதிப் பைத்தியமாகிப் போனவர், பிள்ளைகளைப் பார்த்ததும் துப்பாக்கியைத்தான் நீட்டுவார். அனிமேயில் அந்த அறை காலி, அப்படி ஒரு மனிதரே கிடையாது. அவர் இல்லாததால் கோல்டி பாண்ட் என்ற வேட்டைக் களமும் போயிற்று. அரக்கர்களில் பெரிய மனிதர்கள் பொழுதுபோக்குக்காகக் குழந்தைகளைத் துரத்திக் கொல்லும் அந்த இடத்துக்கு மாங்காவில் ஏறக்குறைய 30 அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள், வாசகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பகுதி அது.

சண்டைக் காட்சிகள் போய்விட்டன என்பதல்ல என் வருத்தம். ஒரு ஆளை எடுத்தால் கதாநாயகி எம்மாவையே பாதி எடுத்த மாதிரி ஆகிவிடும் என்று யோசிக்காமல் விட்டார்களே, அதுதான். யூகோவைப் பார்க்கும்போதுதான் கூட இருப்பவர்களை இழந்தால் தான் என்ன ஆவோம் என்பது அவளுக்கு உறைக்கிறது. வேட்டைக் களத்தில்தான் அரக்கர்களைக் கொல்வது என்றால் என்னவென்று தன் கையாலேயே தெரிந்துகொள்கிறாள். அதெல்லாம் பட்ட பிறகு, அரக்கர் இனத்தையே அழித்துவிடலாம் என்று அவள் நண்பன் நார்மன் சொல்லும்போது ‘வேண்டாம்’ என்கிறாளே, அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. அனிமேயில் அதே ‘வேண்டாம்’ வெறும் இளகிய மனசாகத் தெரிகிறது. செத்தே போய்விட்டான் என்று நாம் அழுது தீர்த்த நார்மன் பாதி சீசனிலேயே திரும்பி வந்து நிற்கிறான், அவன் எப்படிப் பிழைத்தான், எதனால் இவ்வளவு மாறினான் என்று தவிக்கக்கூட நமக்கு நேரம் தரவில்லை.

கடைசி எபிசோடைப் பார்த்துவிடுங்கள், என்ன நடந்தது என்பது தெரிய வேண்டாமா. பிள்ளைகளில் பெரும்பாலானவர்களை மனித உலகத்துக்கு அனுப்பிவிட்டு எம்மா அரக்கர் உலகத்திலேயே தங்கிவிடுகிறாள். அதற்கப்புறம் அவள் அங்கே என்னென்ன செய்தாள், அந்த உலகத்தை எப்படி மாற்றினாள் என்பதெல்லாம் அசையாத படங்களாக ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன, பின்னால் இசை, ஒரு வசனம் கிடையாது. மாங்கா பல புத்தகங்களுக்கு இழுத்துப் பிடித்துச் சொன்ன விஷயம் அது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற வேகத்தில் அதைக் காட்டி முடித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அந்தப் பிள்ளைகளுக்காக இல்லை, இந்தக் கதைக்காக.

ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்: ஸ்டுடியோ மாறிவிட்டதால்தானே இப்படி? ‘ஒன் பஞ்ச் மேன்’ தொடருக்கும் இதேதானே நடந்தது?

இல்லைங்க, இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. ‘ஒன் பஞ்ச் மேன்’ முதல் சீசன் 2015-இல் மேட்ஹவுஸ் ஸ்டுடியோ செய்தது, 2019-இல் இரண்டாவது சீசனை ஜே.சி.ஸ்டாஃப் செய்தது, இயக்குநரும் மாறினார். கதை அதே கதைதான், அசைவும் சண்டையும்தான் முன்னே மாதிரி இல்லை. நெவர்லேண்டில் இரண்டு சீசனுக்கும் அதே க்ளோவர்வொர்க்ஸ் ஸ்டுடியோ, அதே இயக்குநர் மமோரு கான்பே. போதாததற்கு இரண்டாம் சீசனின் கதை அமைப்பில் மூல ஆசிரியர் ஷிராயின் பெயரே இருந்தது, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் நம்பி உட்கார்ந்தோம். கடைசி இரண்டு எபிசோடுகளில் அந்தப் பெயர் காணாமல் போனது.

காசு இல்லாமல்தான் இப்படி ஆனது என்றால், அதுவும் சரியாகப் படவில்லை. அனிமே பெரும்பாலும் ஒரே முதலாளியின் பணத்தில் எடுக்கப்படுவதில்லை. பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம் என்று பல பேர் கூட்டாகப் பணம் போட்டு ஒரு தயாரிப்புக் குழு அமைப்பார்கள், 11 முதல் 13 வாரம் வரைக்கும் ஒரு ஒளிபரப்பு நேரத்தை முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். பதிப்பகத்துக்கு அனிமே என்பது புத்தகத்துக்கான நல்ல விளம்பரம். இந்த சீசன் வர வேண்டியது 2020 அக்டோபரில், கொரோனாவால் 2021-க்குத் தள்ளிப்போனது, அதற்குள் மாங்காவே முடிந்துவிட்டது. இனி இன்னொரு சீசனுக்கு யார் பணம் போடப் போகிறார்கள், இதிலேயே மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவெடுத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. அதே 2021 ஜனவரியில் க்ளோவர்வொர்க்ஸ் ‘ஹோரிமியா’, ‘வொண்டர் எக் பிரையாரிட்டி’ என்று இன்னும் இரண்டு தொடர்களையும் கையில் வைத்திருந்தது, அந்த நெருக்கடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனிமேஷன் படிக்கும் மாணவி, வடபழனி: முதல் சீசனில் எந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்?

முதல் எபிசோடில் கானி என்ற சின்னப் பெண் மறந்துவிட்டுப் போன முயல் பொம்மையைக் கொடுக்க எம்மாவும் நார்மனும் வாசல் கேட்டுக்கு ஓடுகிறார்களே, அதை. வண்டிக்குள் எட்டிப் பார்த்ததும் எம்மா கையிலிருந்து பொம்மை நழுவுகிறது, அவ்வளவு நேரம் வெளிச்சமாக இருந்த படம் அங்கேயே வேறு படமாகிவிடுகிறது. அப்புறம் அந்த இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும், பிள்ளைகள் ‘அம்மா’ என்று கூப்பிடும் இசபெல்லா கையில் இருக்கும் கடிகாரம். பிள்ளைகள் காதில் புதைத்த கருவி எங்கே இருக்கிறது என்று காட்டும் அது, அதை அவர் திறக்கும்போதெல்லாம் நமக்கு வயிற்றைக் கலக்கும். மாங்காவில் பிள்ளைகள் மனசுக்குள் யோசிப்பதைப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள், கான்பே அதையெல்லாம் எடுத்துவிட்டு முகத்தையும் தாழ்வாரத்தையும் கதவிடுக்கையும் வைத்தே சொல்லிவிட்டார். ஒரு வீடு, ஒரு சுவர், ஒரு அம்மா, இந்த மூன்றுக்குள் அடைபட்டதால்தான் அந்தப் பதற்றம். இரண்டாம் சீசனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுவரைத் தாண்டியதும் பதற்றத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது, அதைக் கட்டவே இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்: பொம்மைப் படத்துக்கா இவ்வளவு ஆதங்கம்?

ஐயா, இது ஃபூஜி டிவியில் நடுராத்திரி தாண்டி ஒளிபரப்பான தொடர். பெரியவர்களுக்கென்றே 2005 முதல் அவர்கள் நடத்தும் ‘நாய்டமினா’ வரிசையில் வந்தது. நம் ஊரிலேயே 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்ற அனிமே படம் தமிழில் பேசித் தியேட்டர்களில் ஓடியது. ஒரு நல்ல நாவலின் பின்பாதியை யாராவது கிழித்துப்போட்டால் உங்களுக்கு ஆதங்கம் வராதா? அதே ஆதங்கம்தான்.

வாசகர், தாம்பரம்: மறுபடியும் முதலிலிருந்து எடுப்பார்களா?

எடுத்த முன்னுதாரணம் உண்டு. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ 2003-இல் வந்தது, மாங்காவை ஒட்டி 2009-இல் திரும்ப எடுத்தார்கள். ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ 2001-க்குப் பிறகு 2019-இல் முதலிலிருந்து வந்து கடைசி வரை போனது. எனக்கும் ஆசைதான்.

ஒரு தாய், நங்கநல்லூர்: என் பையனுக்கு 12 வயது. முதல் சீசனைப் பார்த்துவிட்டான், ‘ரெண்டாவது நல்லால்ல, புக்கு வாங்கிக் கொடு’ என்று பிடிவாதம் பிடிக்கிறான். வாங்கலாமா?

வாங்கிக் கொடுங்கம்மா. முதல் எபிசோடையே தாங்கியவன் புத்தகத்தையும் தாங்குவான், ஆனால் வேட்டைக் களப் பகுதியில் ரத்தம் அதிகம், அந்தப் புத்தகங்களை மட்டும் நீங்களும் கூடப் படியுங்கள். இருபதையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. புத்தகக் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆங்கிலப் புத்தகக் கடைகளில் தேடிப் பார்க்கட்டும், பள்ளிக்கூட நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி மாற்றிப் படித்தால் செலவும் குறையும். ஐந்தாவது புத்தகத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் தப்பித்து வெளியே வருவது அங்கேதான். வேட்டைக் களம் எட்டிலிருந்து பதினொன்று வரை. முதல் நாலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.