டூலிட்டில் தாக்குதல், 1942 ஏப்ரல் 18: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த வாரம் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் பேச்சு. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் ஜப்பானிடம் அடி வாங்கி நாலு மாதம் முடிந்து சில நாள்தான். அதற்குள் ஹார்னெட் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 16 பி-25 ரகக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பி டோக்கியோ, யோகோஹாமா, யோகோசுகா, நகோயா, கோபே என்று ஜப்பான் ஊர்களில் குண்டு போட்ட கதை. விமானத்துக்கு 5 பேர், மொத்தம் 80 பேர். தலைவர் ஜேம்ஸ் டூலிட்டில். நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். அதனால் இஞ்சின், எரிபொருள் என்று கேட்டால் நீட்டி முழக்குவேன், அரசியல் கேட்டால் சுருக்குவேன்.

ஒரு வேண்டுகோள். 'மைல்' என்று எழுதினால் கடல் மைலா, தரை மைலா என்று சேர்த்து எழுதுங்கள். கடல் மைல் 1.85 கிலோமீட்டர், தரை மைல் 1.6. இந்தக் கதையில் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது.

கூடல்நகரான்: குண்டு போட்ட கையோடு அதே கப்பலுக்கே திரும்பியிருக்கலாமே சார்? ஏன் சீனாவுக்குப் போனார்கள்?

நல்ல கேள்வி. பி-25 தரைப்படையின் விமானம், கப்பலில் இறங்கச் செய்ததல்ல. கப்பல் விமானத்தின் வாலில் ஒரு கொக்கி இருக்கும். தளத்தில் குறுக்கே கட்டிய கம்பியை அது பிடித்தால்தான் விமானம் நிற்கும். பி-25-க்குக் கொக்கி கிடையாது. மாட்டினாலும், இறங்கும் வேகத்தில் அந்த இழுப்பைத் தாங்குகிற உடம்பு அதற்கு இல்லை. இறக்கை அகலம் 67 அடி என்பதால் லிஃப்டில் வைத்துக் கீழ்த்தளத்துக்கு இறக்கவும் முடியாது. 16 விமானங்களும் மேல்தளத்திலேயே கயிற்றில் கட்டிக் கிடந்தன. ஹார்னெட்டின் சொந்தச் சண்டை விமானங்கள் கீழே அடைபட்டுப்போனதால்தான் காவலுக்கு எண்டர்பிரைஸ் கப்பல் கூட வந்தது. இன்னொன்று, இவர்களை ஏற்றிவிட்ட உடனே கப்பல்கள் திரும்பி ஓடிவிட வேண்டும் என்பது திட்டத்திலேயே உண்டு. அமெரிக்காவிடம் பசிபிக்கில் இருந்த விமானந்தாங்கிகளே விரல் விட்டு எண்ணக்கூடியவை. இரண்டை ஜப்பான் வாசலில் நிறுத்திவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பறவைப்பித்தன்: அவ்வளவு பெரிய விமானம் கப்பலிலிருந்து எப்படி எழும்பியது? ஏதாவது கவண் மாதிரி வைத்து எறிந்தார்களா?

எறியவில்லை. சொந்த இஞ்சின் பலத்தில் ஓடித்தான் எழும்பின. பின்னால் 15 விமானங்கள் நின்றதால் டூலிட்டிலுக்குக் கிடைத்த ஓடுபாதை 467 அடிதான். ஏறக்குறைய 14 டன் எடை.

சூட்சுமம் காற்றில் இருக்கிறது. விமானத்துக்கு வேண்டியது தரை வேகம் அல்ல, இறக்கை மேல் ஓடும் காற்றின் வேகம். கப்பல் முழு வேகத்தில் காற்றை எதிர்த்துப் போனால், நின்றுகொண்டிருக்கும் விமானத்துக்கே பாதி வேகம் வந்துவிடும். அன்றைக்குப் புயற்காற்று. அது சாபமும் வரமும். கப்பலின் மூக்கு அலையில் எழுவதும் விழுவதுமாக இருந்தது. கொடியோடு நின்ற அதிகாரி அந்த அசைவைப் பார்த்துத்தான் கொடியை இறக்கினார். மூக்கு கீழே போகும்போது விமானத்தை விட்டால், அது முனையைத் தொடுகிற நேரம் மூக்கு மேலே வந்திருக்கும். கணக்கு பிசகினால் அலைக்குள்தான்.

தளத்தில் இரண்டு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். ஒன்று மூக்குச் சக்கரத்துக்கு, இன்னொன்று இடது சக்கரத்துக்கு. இரண்டிலும் பிசகாமல் ஓடினால் வலது இறக்கை நுனிக்கும் கப்பலின் கோபுரத்துக்கும் நடுவே 6 அடி மிஞ்சும். டெட் லாசன் என்ற விமானி ஃபிளாப்பை (எழும்ப உதவும் இறக்கை மடிப்பை) இறக்காமலே ஓடி, விளிம்பைத் தாண்டியதும் தண்ணீரை நோக்கிச் சரிந்து, அப்புறம் நிமிர்ந்தார். கடைசி விமானத்தைப் பிடித்து நிறுத்தப் போன கப்பற்படைக்காரர் ஒருவருக்குச் சுழலும் விசிறியில் கை போனது. 8:20-க்கு முதல் விமானம், 9:19-க்குக் கடைசி. பதினாறும் எழும்பின. இந்த விமானிகள் அதுவரை பழகியது புளோரிடாவின் எக்லின் தளத்தில், தரையில் கோடு போட்டு. கப்பலிலிருந்து எழும்பியது அன்றுதான் முதல் தடவை.

தென்றல்: இது தற்கொலைத் தாக்குதல்தானே? திரும்ப மாட்டோம் என்று தெரிந்துதானே போனார்கள்?

இல்லை. திட்டம் போட்டது உயிரோடு வருவதற்குத்தான். குண்டு போட்டுவிட்டு சீனாவின் ச்சூச்சோ விமானத்தளத்தில் இறங்கி, பெட்ரோல் நிரப்பிக்கொண்டு உள்நாட்டுக்குப் போவது என்று ஏற்பாடு. அன்று காலை அந்தக் கணக்கு உடைந்தது. விடியலில் ஜப்பானியக் காவல் படகு ஒன்று, நிட்டோ மாரு, கப்பல்களைப் பார்த்து ரேடியோவில் சொல்லிவிட்டது. அப்போது ஜப்பான் இன்னும் 650 மைல் (கடல் மைல்!) தூரத்தில், அதாவது சுமார் 1,200 கிலோமீட்டர். பிற்பகல் வரை நெருங்கிப் போய், இருட்டில் குண்டு போட்டு, விடியலில் சீனாவில் இறங்குவது என்றிருந்தவர்கள், உடனே கிளம்ப வேண்டியதாயிற்று. பட்டப்பகலில் டோக்கியோ, நடுராத்திரியில் சீனா.

எரிபொருளைப் பாருங்கள். வழக்கமாக 646 கேலன் பிடிக்கும் விமானத்தில் 1,141 கேலன் ஏற்றியிருந்தார்கள். குண்டு அறையில் ஒரு தொட்டி, நடைவழியில் ரப்பர் தொட்டி, கீழ்ச் சுழல்துப்பாக்கியைக் கழற்றிய இடத்தில் ஒன்று, பின்னால் பத்து கேன். பறக்கும்போதே கேனைத் திறந்து ஊற்ற வேண்டும். காலிக் கேனைக் கண்ட இடத்தில் எறியக் கூடாது. வரிசையாக மிதந்தால் கப்பல் இருக்கும் திசையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சேர்த்துவைத்து மொத்தமாக எறியச் சொன்னார்கள். இத்தனை செய்தும், அந்தக் காலை 8 மணிக் கணக்குப்படி சீனக் கரை எட்டாது. அது 80 பேருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் அவர்களுடைய தைரியத்தை டோக்கியோ வானத்தில் தேட வேண்டியதில்லை, இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறினார்களே, அங்கே பாருங்கள். யாரும் பின்வாங்கவில்லை. இடமில்லாமல் கப்பலில் மிச்சமிருந்தவர்கள் பணம் தருகிறேன், இடத்தை மாற்றிக்கொள் என்று கேட்டுப் பார்த்தார்கள், ஒருவரும் கொடுக்கவில்லை. கிழக்குச் சீனக் கடலில் எதிர்பாராமல் பின்காற்று வந்ததால்தான் 15 விமானங்கள் சீனாவைத் தொட்டன.

ராக்கெட்ராஜா: வாலில் துடைப்பக் கட்டையைத் துப்பாக்கி மாதிரி வைத்தார்கள் என்பது கட்டுக்கதைதானே?

உண்மை. கறுப்புச் சாயம் அடித்த கட்டைகள். அந்த ரகத்தில் வால் துப்பாக்கி கிடையாது, பின்னாலிருந்து வருபவனை மிரட்ட இது. ரகசியமான நார்டன் குறிபார்க்கும் கருவியையும் கழற்றிவிட்டு, 20 சென்ட் செலவில் செய்த அலுமினியத் தகட்டை மாட்டினார்கள். தாழப் பறந்து போடுகிற குண்டுக்கு அதுவே நன்றாக வேலை செய்தது.

நிலாமகள்: ஏன் விமானங்கள் கப்பலுக்குத் திரும்பவில்லை?

மேலே முதல் பதில்.

அடையாறு ஆலமரம்: நம்ம ஊர் பக்கம் இதற்கு ஏதாவது தொடர்பு உண்டா சார்? என் தாத்தா 1942-ல் மெட்ராஸைக் காலி பண்ணிக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்.

நேரான தொடர்பே உண்டு. அந்த ஏப்ரல் 5 கொழும்பிலும், 9 திருகோணமலையிலும் குண்டு போட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல் ஹெர்மிஸை மூழ்கடித்தது ஜப்பானியத் தளபதி நாகுமோவின் விமானந்தாங்கிப் படை. 6-ம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வாங்கின. உங்கள் தாத்தா ஓடியது அந்தப் பீதியில். அதே நாகுமோ படை ஊர் திரும்பும் வழியில் தைவான் பக்கம் இருந்தபோதுதான் டோக்கியோவில் குண்டு விழுந்தது. துரத்து என்று உத்தரவு வந்து, கிடைக்காமல் அலைந்தது. வீட்டைக் காக்க வேண்டிய படை நம் கடலுக்கு வந்துவிட்டு வீடு திரும்புவதற்குள் வீட்டுக்குள் கல் விழுந்தது.

சித்திரைவெயில்: அணுகுண்டு போட்டது சரியா?

வேறு நாள், வேறு ஆள்.

குறிஞ்சி: 16 விமானம் போட்டதில் அப்படி என்ன சேதம் ஆகிவிட்டது?

சேதம் குறைவு. சுமார் 50 பேர் இறந்தார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, இதை மறைக்கக் கூடாது. பெரிய விளைவு ஜப்பானியத் தளபதிகளின் மானத்தில் விழுந்த அடி. பசிபிக் நடுவில் அமெரிக்கா வைத்திருந்த மிட்வே தீவின் மேல் ஜப்பான் படையெடுத்ததே இதனால்தான் என்று எழுதுகிறார்கள், அது முழுசாகச் சரியில்லை. ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோ அந்தத் திட்டத்தை முன்பே வைத்திருந்தார். தரைப்படை முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது, அந்த முரண்டு இதோடு நின்றது. ஜூனில் மிட்வேயில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது.

செம்மண்: மன்னிக்கவும், எனக்கு இதை வீரம் என்று கொண்டாட மனசு வரவில்லை. 80 பேர் பறந்தார்கள், பேர் வாங்கினார்கள். அதற்கு விலை கொடுத்தது சீனக் கிராமங்கள். அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே நீங்கள்?

படைவீட்டான்: கொன்றது ஜப்பான் ராணுவம். அதற்கு டூலிட்டில் என்ன செய்வார்? திருடன் கொளுத்திய வீட்டுக்குப் போலீஸ் மேல் வழக்கா?

செம்மண்: போலீஸ் வருவதை வீட்டுக்காரரிடம் சொல்லவே இல்லை என்றால்?

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

15 விமானங்கள் சீனாவைத் தொட்டபோது ராத்திரி, மழை. ச்சூச்சோவின் வழிகாட்டும் ரேடியோ ஒலிக்கவில்லை. 11 விமானங்களில் இருந்தவர்கள் இருட்டில் பாராசூட்டில் குதித்தார்கள், நான்கு கரையோரம் விழுந்து நொறுங்கின. டூலிட்டில் விழுந்தது எரு போட்ட நெல்வயலில். குதித்ததில் ஒருவர் இறந்தார், கடலில் மூழ்கி இருவர். எட்டுப் பேர் ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள். ஷாங்காய்க்கு வெளியே அக்டோபர் 15 அன்று மூவரைச் சுட்டுக் கொன்றார்கள், சிறையில் ஒருவர் நோயில் செத்தார். மிச்சம் 64 பேரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது யார்? மீனவர்கள், விவசாயிகள், கொரில்லாக்கள், பாதிரிமார்கள். நொறுங்கிக் கிடந்த லாசனைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு மலைவழியே நடந்தார்கள். அவர் காலை எடுத்த டாக்டர் தாமஸ் வைட்டும் இதே தாக்குதலில் வந்தவர்தான். டாக்டருக்கு விமானத்தில் இடமில்லை என்றதால் துப்பாக்கி சுடப் பழகி, துப்பாக்கிக்காரராக ஏறினார். அவருடைய விமானம் கடலில் இறங்கியபோது, மூழ்குகிற விமானத்துக்குள் நின்று அறுவைக் கருவிகளை மீட்டுக்கொண்டு வந்தார். லாசனுக்குத் தன் ரத்தத்தையே ஏற்றிவிட்டுத்தான் காலை எடுத்தார்.

இப்போது செம்மண் சொன்னதற்கு வருகிறேன். மே மாதம் ஜப்பானியப் படை செஜியாங், ஜியாங்ஷி மாகாணங்களுக்குள் இறங்கியது. விமானத்தளங்களை உழுது போட்டது, ஊர்களைக் கொளுத்தியது, பின்வாங்கும்போது காலரா, டைபாய்டு, பிளேக் கிருமிகளை விட்டுச்சென்றது. சீனத் தரப்பு மதிப்பீட்டில் இறந்தவர்கள் 2,50,000 பேர். நன்றிக்காக விமானிகள் கொடுத்துவிட்டுப் போன கையுறையும் நாணயமும் பாராசூட் துணியும் எந்த வீட்டில் கிடைத்ததோ அந்த வீட்டுக்கு அதுவே சாவோலை.

கொன்றவர் கணக்கில்தான் கொலை, அதில் படைவீட்டான் சரி. ஆனால் சீனத் தலைவர் சியாங் கை-ஷெக்குக்கு முழு விவரம் சொல்லவில்லை. பழிவாங்கல் வரும் என்று பயந்து தள்ளிப்போடச் சொன்னார், வாஷிங்டன் கேட்கவில்லை. இந்தப் பழி விமானிகள் மேல் அல்ல, மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள் மேல். அதனால் விமானிகளின் தைரியத்தைப் பேசும் அதே மூச்சில், முகம் தெரியாதவனைப் பரணில் ஒளித்துவைத்த சீனக் கிழவியின் தைரியத்தையும் பேசியாக வேண்டும். விமானி தானே முன்வந்தவர். அவளை யாரும் கேட்கவில்லை.

படைவீட்டான்: அப்படிப் பார்த்தால் எந்தப் போரிலும் எதையும் செய்ய முடியாது.

செய்யலாம். செய்துவிட்டு, விலை கொடுத்தவன் பேரையும் எழுதணும். இதோடு இந்தச் சண்டை போதும், வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

பொன்வண்டு: 750 மைல் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள், நீங்கள் 650 என்கிறீர்கள்?

தரை மைல், கடல் மைல். மேலே என் வேண்டுகோள்.

வைகறை: டூலிட்டிலுக்கு என்ன ஆச்சு?

எல்லா விமானமும் போச்சு, ராணுவ நீதிமன்றம் நிச்சயம் என்று நொறுங்கிய விமானத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிடைத்தது இரட்டைப் பதவி உயர்வும், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனரும். மே 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையால். விமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட பத்திரிகையாளர்களிடம் நாவலில் வரும் கற்பனை ஊரான 'ஷாங்ரி-லா'விலிருந்து என்று சொல்லிச் சமாளித்தவரும் அதே ரூஸ்வெல்ட்தான். டூலிட்டிலை முரட்டு ஆசாமி என்று நினைக்காதீர்கள். விமானவியலில் எம்.ஐ.டி. டாக்டர் பட்டம், 1929-லேயே வெளியே பார்க்காமல் கருவியை மட்டும் பார்த்து ஓட்டிக்காட்டியவர். அன்று வயது 45.

மழைக்குருவி: அண்ணா, பறந்துபோய் மறுபடி ஹார்னெட்லயே இறங்கி

கொக்கி இல்லை தம்பி.

தமிழ்ச்செல்வி: இதைவிடத் துணிச்சலான தாக்குதல் உண்டா?

1943 ஆகஸ்ட் 1, ருமேனியாவின் பிளாயெஷ்ட்டி எண்ணெய் ஆலைகள். லிபியாவிலிருந்து 170-க்கும் மேற்பட்ட பி-24 கிளம்பி, மர உயரத்தில் நெருப்புக்குள் நுழைந்தன. 50-க்கும் மேல் திரும்பவில்லை. ஒரே நாளுக்கு ஐந்து மெடல் ஆஃப் ஆனர். அதற்குத் தனி வாரம் வேண்டும்.

கடற்காகம்: 15 விமானம் சீனாவில் என்றால் பதினாறாவது எங்கே?

இப்படி எண்ணிப் பார்த்துக் கேட்பவர் கிடைத்தால் சந்தோஷம். யார்க் ஓட்டிய விமானம். கலிஃபோர்னியாப் பட்டறையில் கார்புரேட்டரைக் கைவைத்துக் கெடுத்ததில் அது எரிபொருளைக் கண்டபடி குடித்தது. சீனா எட்டாது என்று விளாடிவோஸ்டாக் பக்கம் திருப்பி இறங்கினார்கள். ஜப்பானோடு சோவியத்துக்கு நடுநிலை ஒப்பந்தம் இருந்ததால் ஐந்து பேரையும் காவலில் வைத்தார்கள், ஊர் ஊராக மாற்றி, கடைசியில் ஈரான் எல்லைக்குப் பக்கத்தில் அஷ்காபாத். 1943 மே மாதம் ஒரு கள்ளக்கடத்தல்காரனுக்குப் பணம் கொடுத்து எல்லை தாண்டி, ஈரானில் பிரிட்டிஷ் துணைத் தூதரகம் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய சாகசம் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தார்கள். அந்தக் கடத்தல்காரனை ஏற்பாடு செய்ததே சோவியத் ரகசியப் போலீஸ் என்பது பல வருஷம் கழித்து அவர்கள் ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் தெரிந்தது.