பாதி வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதக் கூட்டங்களில் பேசும் தலைவர்கள் கடவுள் பெயரைச் சொல்லித்தான் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அண்மையில் கேட்ட ஒரு பேச்சில் கடவுள் என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் கூட்டம் உருகிவிட்டது. பக்தர்களை வசப்படுத்துவது அவ்வளவு சுலபமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூச்சுக்கு மூச்சு கடவுளை இழுப்பவர் கற்றுக்குட்டி. கைதேர்ந்தவர் பாதி வரியோடு நிறுத்திக்கொள்வார். மீதியைக் கூட்டம் மனசுக்குள் பாடி முடித்துக்கொள்ளும்.

2003 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், அமெரிக்க மக்களின் நற்குணத்திலும் நம்பிக்கையிலும் 'அற்புதம் செய்யும் வல்லமை' இருக்கிறது என்றார். வெளியாளுக்கு அது வெறும் மேடை அலங்காரம். தேவாலயத்தில் வளர்ந்தவருக்கோ சின்ன வயதிலிருந்து பாடிவரும் பாட்டு. ஆனால் அந்தப் பாட்டில் வல்லமை இருப்பது இயேசுவின் இரத்தத்தில்! அந்த இடத்தில் புஷ் மக்களை உட்கார்த்திவைத்துவிட்டார். இதைக் கவனித்து முகம் சுளித்த கிறிஸ்தவர்களும் உண்டு. ஆக, பக்தர்கள் ஏமாளிகள் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டு தெரியாதவரிடம் இந்த வித்தை பலிக்காது. நன்றாகத் தெரிந்தவர்தான் அதைக் கண்டுபிடிக்கவும் முடியும்.

இன்னொரு வழி, எதையுமே கேட்காமல் இருப்பது. 1980-இல் டல்லாஸில் மதபோதகர்கள் திரண்ட கூட்டத்தில், அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ரொனால்ட் ரீகன், "நீங்கள் எனக்கு ஆதரவு தரமுடியாது என்று தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன்" என்றார். ஓட்டு கேட்க வந்த மனிதர் கொடுக்கிறவராக மாறிவிட்டார். அப்புறம் ஓட்டை வாய்விட்டு வேறு கேட்கவேண்டுமா?

சரி, வேத வரிகளை எடுக்கிற எல்லோரும் இப்படித்தானா என்று கேட்பீர்கள். அமெரிக்க அதிபராக இருந்த லிங்கன் அப்படியில்லை. 1865 மார்ச்சில், உள்நாட்டுப் போர் வெற்றியை நெருங்கிய நேரத்தில், இரண்டாம் முறை பதவியேற்றுப் பேசினார். போரிடும் வடக்கு, தெற்கு இரு தரப்பும் ஒரே வேதாகமத்தைத்தான் படிக்கிறது, ஒரே கடவுளிடம்தான் வேண்டுகிறது, இருவரில் யார் வேண்டுதலும் முழுசாக நிறைவேறவில்லை என்றார். அடிமைமுறையின் பாவத்தில் தன் தரப்பான வடக்குக்கும் பங்கு வைத்தார். ஜெயிக்கப்போகிற கூட்டம் கேட்க விரும்பிய பேச்சா இது? சில நாள் கழித்து ஒரு கடிதத்தில் அவரே எழுதினார்: கடவுளின் நோக்கம் வேறு, உங்கள் நோக்கம் வேறு என்று காட்டினால் மனிதர்களுக்கு அது இனிக்காது.